எத்தினைபேர் அக்காவும் நூற்றிருபது நோயாளிகளும்

ஜெர்மனியில் வாழும் தமிழர்களில், அடுத்தவருடைய சந்தோஷத்தை ஒரே கேள்வியில் பாதியாக்கக்கூடியவர் எத்தினைபேர் அக்கா ஒருவர்தான். இதைப் புறணியாகச் சொல்லவில்லை. என்னுடைய சந்தோஷங்களில் ஏராளமானவை அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து பாதியானவை. நேரில் பட்டவன் சொல்கிறேன்.

பான் நகரின் ஓரத்தில், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் ஒரு மருத்துவமனை. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் மொத்தமே இரண்டு மேஜைகள். ஒன்று மதுரையிலிருந்து மென்பொருள் பிழைப்புக்கு வந்த என்னுடையது. நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் ஒழுங்காகச் சேர்த்து வைப்பது என் வேலை. மற்றது அக்காவுடையது. அந்த விவரங்களை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்யும் புள்ளியியலாளர் அவர். அவருடைய வேலையில் முக்கால்வாசி 'சொல்லக் கூடாது' பக்கம்தான் போகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்குப் பிறந்து டோர்ட்மண்டில் வளர்ந்த பெண். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. ஆனால் பான் தமிழர்கள் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று நாங்கள் விசாரித்துக்கொண்டதே இல்லை.

முதல் நாள் கான்டீனில் அறிமுகமானோம். பேச்சை ஆரம்பிக்க வேண்டுமே என்று, "இந்த ஜெர்மன்காரங்க சிரிக்கவே மாட்டாங்க போல" என்றேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "எத்தினை பேரைப் பாத்தனீங்கள்?"

"ஒரு நாலு பேர் இருக்கும்."

"எங்கை?"

"விசா ஆஃபீஸ்ல."

"அங்கை நீங்கள் சிரிச்சனீங்களோ?"

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை, அக்கா கேட்டபோதும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் அதற்குள் சூப்பைக் குடித்து முடித்திருந்தார்.

கல்யாண விஷயத்திலும் இதே கதைதான். வீட்டில் ஏழு மாப்பிள்ளைகளைக் காட்டினார்களாம். ஏழாவதுக்குப் பிறகு அம்மா களைத்துப்போய், "இதிலை ஒருத்தரும் சரிவரேல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். "ஏழு பேரை வச்சு ஒண்டும் சொல்லேலாது அம்மா" என்று அக்கா பதில் சொல்ல, அதைச் சம்மதத்துக்கு முந்தின படி என்று நினைத்து அம்மா இன்னும் பதினோரு பேரின் படங்களைத் திரட்டிவிட்டார். அந்தப் பதினோரு படங்களும் எங்கள் அலுவலக இழுப்பறையில் ரொம்ப நாள் கிடந்தன. ஸ்டேப்ளர் தேடும்போதெல்லாம் யாராவது ஒருவர் கோட்டு சூட்டோடு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அக்காவுக்குக் குறைந்த ஆட்கள்தான் பிடிக்காது, கூட்டம் என்றால் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை உடைத்தவர் தலையணை விற்க வந்த ஒரு மனிதர். புதுவகைத் தலையணையில் படுத்தால் நோயாளிகள் சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள் என்று பளபளப்பான தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். அக்காவைப் பற்றி யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உட்காரும்போதே, "முப்பதாயிரம் பேரிடம் பரிசோதித்தது" என்றார். அறையே அக்காவைத் திரும்பிப் பார்த்தது. இந்த மனுஷியின் வாயை இன்று அடைத்தாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது.

"எவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டார் அக்கா.

தாளைப் புரட்டினார் அவர். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், மூன்று வாரச் சிகிச்சையில் நாற்பது நிமிடம் மிச்சம் என்று இருந்தது.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "அவ்வளவு சனத்தைக் கூட்டினால் எந்தத் தூசும் கண்ணிலை படும் அண்ணை. தூசு பொய்யில்லை, மெய்தான். ஆனால் அது தூசு."

மார்த்தாவின் சமையலறைக்கு வருகிறேன்.

மார்த்தா எங்கள் பிசியோதெரபிஸ்ட். போலந்திலிருந்து வந்தவர், குரல் பெரியது, பொறுமை சிறியது. உடற்பயிற்சிக் கூடத்தில் ரப்பர் பந்தை அமுக்க வைப்பதைவிட, நோயாளிகளைச் சமையலறையில் விட்டு உருளைக்கிழங்கு சீவ வைத்தால் கை வேகமாகத் திரும்பும் என்பது அவருடைய நம்பிக்கை. மருத்துவமனையின் பழைய ஊழியர் சமையலறை ஒன்றைக் கெஞ்சி வாங்கி, பதினெட்டு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒன்பது பேரைக் கூடத்துக்கும் ஒன்பது பேரைச் சமையலறைக்கும் அனுப்பினார்.

சமையலறைக்காரர்கள் கொஞ்சம் நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' தற்செயலாகவும் வந்திருக்கலாமே? எங்கள் தொழிலில் அதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டு பயிற்சிக்கும் உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டு, அப்படியும் வெறும் குலுக்கலாலேயே இவ்வளவு வித்தியாசம் தெரிவதற்கு எத்தனை வாய்ப்பு என்று பார்ப்பது. அது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு என்று எழுதலாம் என்பது வழக்கம். மார்த்தாவுக்கு வந்தது பதினொன்று.

தலைமை மருத்துவருக்கு அந்த அறையைக் கூட்ட அறையாக மாற்ற வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. "பயன் இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். அக்கா மறுத்துவிட்டார். "பயன் இருக்கோ இல்லையோ எண்டு இந்தப் பதினெட்டுப் பேரை வச்சுச் சொல்லேலாது" என்பதை நல்ல ஜெர்மனில் எழுதி அனுப்பினார். தலைமை மருத்துவருக்கும் கோபம், மார்த்தாவுக்கும் கோபம். ஒரே வரியில் இரண்டு கட்சியையும் பகைத்துக்கொள்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சமையலறைக் குழுவில் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். மூன்று வாரமும் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஒரு கிழங்கைக்கூடத் தொடவில்லை. அதற்கேற்ப அவருடைய கையும் அசையவில்லை. "அவர் சமைக்கவே இல்லை, அவரை எதற்குக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?" என்று மார்த்தா என் மேஜைக்கு வந்து அழாத குறையாகக் கேட்டார். அக்கா மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பார்ப்பதில் என்ன தப்பு என்று டிராம்காரரை எடுத்துவிட்டு மறுபடி கணக்கைப் போட்டேன். பதினொன்று நாலானது. மார்த்தா என் நெற்றியில் முத்தமிட்டார். அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திரையைப் பார்த்துவிட்டு, "கிழங்கைத் தொடாத ஆம்பிளையள் நாளைக்கும் வருவினம் அண்ணை. அவையையும் சேத்துத்தானே வைத்தியம்?" என்றார். பிறகு டிராம்காரரைத் திரும்பச் சேர்த்துவிட்டு, வேறொருவரை எடுத்தார். அவர் வேலை பார்த்த காலத்தில் ஓட்டல் சமையல்காரர். மார்த்தாவின் செல்லப்பிள்ளை, கிழங்கைப் பார்க்காமலேயே சீவுவார். அவரை எடுத்ததும் எண் முப்பதுக்கு ஏறியது.

"ஒருத்தரை எடுத்தால் நாலு. இன்னொருத்தரை எடுத்தால் முப்பது. ஒரு ஆள் எழும்பிப் போனால் ஆடுற வீட்டிலை ஆரைக் குடி வைக்கப்போறீங்கள்?"

"அப்போ இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துப் பார்க்கலாம். வரலேன்னா இன்னும் ரெண்டு பேர். ஐந்துக்குக் கீழ வந்ததும் நிறுத்திடலாம்" என்றேன், புத்திசாலித்தனமாகச் சொல்கிற நினைப்பில்.

"அப்பிடி ஒவ்வொருக்காலும் எட்டிப் பாத்தால், ஒண்டும் இல்லாத இடத்திலையும் ஒருநாள் ஐஞ்சுக்குக் கீழை வரும். எத்தினை பேர் எண்டு முதலிலை சொல்லவேணும். சொன்ன ஆக்கள் முடியுமட்டும் பாக்கக் கூடாது."

அடுத்த வாரம் தலைமை மருத்துவர் கூட்டம் போட்டார். அக்கா இரண்டு பிளாஸ்டிக் வாளிகளோடு வந்தார். விரல் பயிற்சிக்காக நோயாளிகள் நூலில் கோக்கும் மரமணிகள் இரண்டிலும் நிரம்பியிருந்தன, சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்து. "கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்பது மணி எடுங்கள் டாக்டர்" என்றார். மருத்துவர் அப்படி ஒரு உத்தரவைச் சிறுவயதுக்குப் பிறகு கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் எடுத்தார். இடது வாளியில் ஐந்து சிவப்பு, வலது வாளியில் ஆறு.

"வித்தியாசம் இருக்கிறதா?"

"இல்லை."

மணிகளைத் திரும்பப் போட்டுக் கலக்கி மறுபடி எடுக்கச் சொன்னார். இந்த முறை இடதில் ஐந்து, வலதில் நாலு.

"இல்லவே இல்லை" என்றார் மருத்துவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இப்போது அறுபது அறுபது எடுங்கள்."

மருத்துவர் எடுக்க, செயலாளர் அம்மாள் மேஜையில் பரப்பி எண்ணினார். பாதியில் மணிகள் உருண்டு ஓட, நிர்வாக அதிகாரிகள் இருவர் மேஜைக்கு அடியில் தவழ்ந்தார்கள். கடைசியில் இடதில் இருபத்தொன்பது சிவப்பு, வலதில் நாற்பத்து மூன்று.

மருத்துவர் இந்த முறை கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "வலதில் சிவப்பு அதிகம்."

"ஆமாம். நீங்கள் இல்லவே இல்லை என்று சொன்னபோதும் இதே வாளிகள்தான்."

மார்த்தா துள்ளி எழுந்தார். "அப்படியென்றால் என் சமையலறையில் பயன் உண்டு!"

"தெரியாது" என்றார் அக்கா.

மார்த்தா வாளியைத் தூக்கி அடித்திருப்பார். பாதி மணி தரையில் கிடந்ததால் அக்கா தப்பினார்.

நூற்றிருபது நோயாளிகள் என்று முடிவானது. உபயோகமான அளவுக்கு முன்னேற்றம் உண்மையிலேயே இருந்தால், அது கண்ணுக்குத் தப்பாமலிருக்க அத்தனை பேர் வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றும் சேர்ந்துகொண்டது. யார் எந்தக் குழு என்பதைக் கணினியே குலுக்கித் தரும். கடைசிக் கணக்கை எப்படிப் போடுவது என்றும் முதல் நாளே எழுதிப் பூட்டியாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மார்த்தா வாரத்துக்கு ஒரு கேக் கொண்டுவந்து, "சும்மா ஒரு பார்வை" என்று என்னிடம் கெஞ்சினார். கேக்கை நாங்கள் சாப்பிட்டோம். பார்வை கிடைக்கவில்லை.

இரண்டாவது வருடத்தின் இலையுதிர் காலத்தில் அக்காவின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

டோர்ட்மண்டில் ஓர் உணவகத்தின் சமையலறையில் முப்பது வருடம் நின்றவர். வலது கை போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறியது. பயிற்சிக்கு எங்களிடம்தான் அனுப்பினார்கள். மார்த்தாவின் சமையலறை ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். சேர்ந்தாலும் அங்கே போவதா கூடத்துக்குப் போவதா என்பது குலுக்கல். அக்கா தலைமை மருத்துவரிடம் போய், தன் அப்பா சேர்வதாக இருந்தால் கடைசிக் கணக்கை ஹம்பேர்க்கிலிருந்து வேறொருவர் போடட்டும் என்று ஏற்பாடு செய்தார். பிறகு அப்பாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் விளக்கினார்.

பெரியவர் கேட்டு முடித்துவிட்டு, "ஓம் எண்டு போடு பிள்ளை" என்றார். "முப்பது வருசம் குசினியிலை நிண்டாச்சு. மற்றப் பக்கம் வந்தாலும் பறுவாயில்லை. அந்தப் பந்தையும் ஒருக்கா அமுக்கிப் பாப்பம்."

நடைவழியில் அக்காவின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்கள்தானே கொம்பியூட்டரிலை போடுறது? இவரைக் குசினிப் பக்கம் விடேலாதோ? இவள் ஒண்டும் கேக்கமாட்டாள். நீங்கள் எண்டாலும் பாருங்கோ."

கணினி முதலிலேயே குலுக்கி வைத்திருந்த பட்டியலைத் திறந்து பார்க்கும் உரிமை மருத்துவமனையிலேயே என் ஒருவனுக்குத்தான் உண்டு. பெரியவரின் வரிசை எண்ணில் கூடம் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி சமையலறை. ஒரே ஒரு வரி. ஆட்கள் வரும் வரிசையை மாற்றிப் பதிந்தால் போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் அறையில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, ஒரு வரிதான். நூற்றிருபதுல ஒருத்தர். ரிசல்ட் ஒண்ணும் மாறிடாது. நான் மாத்திடவா?"

கீழே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாமல் மாத்துங்கோ எண்டு சொல்ல வாய் வருது அண்ணை" என்றார், திரும்பாமலே. "அதாலை என்னட்டைக் கேக்காதேங்கோ."

நான் அந்தப் பட்டியலை மூடினேன். அடுத்த வரியில் சமையலறைக்குப் போக வேண்டியவர் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வந்தார். ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மாள். தோளைப் பிடித்துக்கொண்டு மகள் கூடவே வந்திருந்தாள். அந்த மகளும் மார்த்தாவிடம், "அம்மாவுக்குச் சமையலறை கிடைக்குமா?" என்றுதான் கேட்டாள்.

பெரியவர் மூன்று வாரமும் கூடத்தில் பந்தை அமுக்கினார். அக்கா தினமும் வேலை முடிந்ததும் அவருக்குச் சோறு ஊட்டிவிட்டுத்தான் ரயிலேறுவார். பெரியவர் வீட்டுக்குப் போகும்போது கை முழங்கை வரை அசைந்தது. விரல்கள் மடங்கவில்லை. நான் அக்காவின் அம்மாவுடைய கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

அடுத்த கோடையில் நூற்றிருபதாவது நோயாளியும் முடித்தார். ஹம்பேர்க்காரர் தொலைபேசியில் வந்தார். மார்த்தா, நான், அக்கா மூவரும் ஒரே தொலைபேசியைச் சுற்றி நின்றோம். வித்தியாசமே இல்லையென்றால், வெறும் குலுக்கலாலேயே இப்படி வர நூற்றுக்கு இரண்டு வாய்ப்புகூட இல்லை என்றார் அவர். அக்கா, "எவ்வளவு வித்தியாசம்?" என்றார். தூசு அளவு இல்லை. தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளக்கூடியவர்கள் சமையலறைப் பக்கத்தில் தெளிவாகவே கூடுதல்.

மார்த்தா கத்திய கத்தலில் வரவேற்பறையிலிருந்து ஆள் ஓடிவந்தது. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கீழே இறங்கியதும் பார்த்தேன், அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கண் நிறைந்திருந்தது.

"அப்பா மற்றப் பக்கம்" என்றார்.

எனக்கு அந்த ஒரு வரி கண்முன் வந்தது. "அன்னிக்கே மாத்தியிருக்கலாமோ அக்கா?"

"அண்டைக்கு ஆருக்கும் தெரியாது. மாத்தியிருந்தால் அந்தப் பேருந்து ஓட்டுற அம்மா பந்து அமுக்கியிருப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாவும் கூடத்திலை நிண்டபடியால்தான் அண்ணை இப்ப எங்களுக்குத் தெரியுது."

அதன் பிறகு சமையலறையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கூட்ட அறை ஆசையைத் தலைமை மருத்துவர் விட்டுவிட்டார், திறப்பன்று முதல் கிழங்கைச் சீவியவரும் அவர்தான், சுமாராக. அக்காவின் அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் சிகிச்சைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். இவ்வளவு தாமதமாக வந்தால் எவ்வளவு பயன் இருக்கும் என்று அக்காவிடம் கேட்டேன். தாமதமாக வந்தவர்களை யாரும் இன்னும் ஆராய்ந்து பார்க்கவில்லை என்றார். ஆனால் ஒவ்வொரு தடவையும் டோர்ட்மண்டுக்குப் போய் அப்பாவை ரயிலில் தானே கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு வியாழக்கிழமை, இயந்திரத்திலிருந்து இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனேன். சமையலறைக் கதவின் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே பெரியவர் வெங்காயத்தை வலது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மார்த்தாவிடம் ஜெர்மனும் தமிழும் கலந்து, கத்தி மொட்டையாக இருப்பதைப் பற்றிப் பெரிய சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு விரல் மடங்கி வெங்காயத்தைத் தொட்டது, நழுவியது, மறுபடி தொட்டது. அக்கா கையில் குறிப்பேடு இல்லை. எதையும் எண்ணவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவரைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.